‘ஒன்லி’ எங்கே உட்காரும்?

மைசூருக்கு ஆங்கிலம் மேலிருந்து இறங்கி வந்தது. 1881இல் ஆட்சி ஆங்கிலேயரிடமிருந்து மறுபடி உடையார் அரச குடும்பத்திடம் வந்ததும் அடுத்தடுத்துத் திவான்களான ரங்காசார்லு, சேஷாத்ரி ஐயர் இருவரும் மதராஸ் ராஜதானியிலிருந்து வந்தவர்கள். அவர்கள் பின்னால் வந்து உத்தியோகங்களில் அமர்ந்த மதராஸ்காரர்கள்மேல் எழுந்த எரிச்சல்தான் ‘மைசூர் மைசூரியர்களுக்கே’ என்ற கோஷம். அந்த நாளைய ஆங்கிலம் மனுவுக்கும் தீர்ப்புக்கும் பரீட்சைக்கும் உரியது. அதில் யாரும் வம்பளக்கவில்லை. மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் 2005இல் இன்ஃபோசிஸ் பயிற்சி மையம் திறந்து, 2009இல் இரண்டாவது மையமும் சேர்ந்தபின் நிலைமை வேறு. பல மாநிலங்களிலிருந்து வரும் புதுப் பட்டதாரிகள் ஒரே சமயத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் அங்கே தங்கிப் படிக்கலாம். தாய்மொழி பொதுவாக இல்லாத அறைத்தோழர்களுக்குச் சாப்பாட்டைக் குறைசொல்லவும் ஆங்கிலமே வேண்டும்.

இப்படிப்பட்ட கலப்பில் எது தங்கும், எது உதிரும்? பல தாய்மொழிகள் சேர்ந்து தாங்கும் வழக்கு தங்கும் என்பதே என் வாதம். ‘ஐ கேம் யெஸ்டர்டே ஒன்லி’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். தமிழில் ‘நேற்றுத்தான்’, கன்னடத்தில் ‘நென்னேனே’, இந்தியில் ‘கல் ஹீ’, மராத்தியில் ‘காலச்’. எல்லாவற்றிலும் அழுத்தம் தரும் துணுக்கு, அழுத்த வேண்டிய சொல்லுக்குப் பின்னால் ஒட்டுகிறது. மொழியியலாளர் எமனோ 1956இல் இந்தியாவை ஒரே மொழிப்பரப்பு என்றது இதுபோன்ற பொதுக்கூறுகளை வைத்துத்தான். மாறாக, ‘எம்.ஏ.’வை ‘யெம்.ஏ.’ என்பது தெற்கத்திய பழக்கம். ‘ஸ்கூலை’ ‘இஸ்கூல்’ என்பது வடக்கத்திய பழக்கம். மற்றவர் சிரிக்கும் இந்த ஒற்றை வட்டார அடையாளங்கள்தான் கலப்பில் முதலில் தேயக்கூடியவை.

இந்த ‘ஒன்லி’ வழக்கு கிளைமொழி அல்ல, பிழைதானே என்பார்கள். பிழையென்றால் தாறுமாறாக வர வேண்டும். இந்த ‘ஒன்லி’ தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. இத்தகைய வழக்குகளைப் பரப்பியது சினிமாவும் இணையமும்தான் என்பது அதைவிட வலுவான மறுப்பு. பாதி சரி. நண்பனை அழைக்கும் இந்தி ‘யார்’ படங்களோடும் பயணம் செய்யும். நம் மச்சான் பெங்களூரில் ‘மச்சா’வாகிக் கன்னட இளைஞர் வாயிலும் புழங்குகிறான். சொல் தனியாகவே ஊர் சுற்றும்; வாக்கிய அமைப்பு பரவ எதிரெதிர் பேச்சு வேண்டும். லண்டன் ஹாக்னியில் 2004 முதல் மொழியியலாளர்கள் செஷையரும் கெர்ஸ்வில்லும் சகாக்களும் நடத்திய ஆய்வும் இதையே காட்டியது: அங்கே பிறந்த புதிய ஆங்கிலத்தை ஒரு குடியேறிய இனத்தின் சொத்தாகக் கொள்ள முடியவில்லை, வெவ்வேறு பின்னணிப் பிள்ளைகளின் நட்பு வட்டங்களில் அது உருவானது.

சில மாதப் பயிற்சியில் கிளைமொழி பிறக்குமா என்ற கேள்விக்கு நான் தலைவணங்குகிறேன். பிறக்காது. 1967இல் திட்டமிடப்பட்ட மில்டன் கீன்ஸ் நகரில் கெர்ஸ்வில்லும் வில்லியம்ஸும் 4, 8, 12 வயதுக் குழந்தைகளின் பேச்சைப் பதிந்தார்கள். நான்கு வயதினர் பெரும்பாலும் பெற்றோரைப்போலப் பேசினர். புதிய நகரப் பேச்சை மூத்த பிள்ளைகளே ஒருமைப்படுத்தினர். இருபத்திரண்டு வயதில் வருபவர் தன் ஆங்கிலத்தைக் கொஞ்சம் தட்டிச் சீராக்கிக்கொள்வார், புதிதாகக் கட்டமாட்டார். அதனால் ஹெப்பாள் ஆங்கிலம் என்று ஒன்றைத் தேடுகிறவர் பயிற்சி வளாகத்துக்குள் நிற்பதில் பயனில்லை. வேலைக்காக வந்து மைசூரிலேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் விளையாடும் தெருவுக்குப் போக வேண்டும், அதுவும் அவர்களுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது.