கைக்குட்டையிலிருந்து மெல்லிழைத்தாள் வரை

வகுப்பறையில் மாணவன் ஒருவன் தும்முகிறான். அருகில் அமர்ந்திருக்கும் மாணவி தன் புத்தகப் பையிலிருந்து சிறு பொதி ஒன்றை எடுத்து நீட்டுகிறாள். அவன் ஒரு தாளை உருவுகிறான், மூக்கைத் துடைக்கிறான், குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டுப் பாடத்தைத் தொடர்கிறான். அரை நிமிடத்தில் முடிந்துவிடும் நிகழ்ச்சி இது.

பேரரசர்களின் வரலாற்றையும் பெரும்போர்களின் வரலாற்றையும் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். கையில் இருக்கும் பொருளின் வரலாற்றைக் கற்பிக்க மறந்துவிடுகிறோம். நாம் பேச்சில் 'டிஷ்யூ' என்றும், எழுத்தில் மெல்லிழைத்தாள் என்றும் குறிக்கும் இந்தச் சின்னஞ்சிறு பொருளுக்குள் அறிவியல் உண்டு, வாணிகம் உண்டு, போரும் உண்டு. அதனை விரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாளும் அதன் மதிப்பும்

கி.பி. 105ஆம் ஆண்டில் சீன அரசவையைச் சேர்ந்த சாய் லுன் என்பவர், மரப்பட்டை, சணல், கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றிலிருந்து தாள் செய்யும் முறையைத் தம் பேரரசரிடம் அறிவித்தார். அதற்கு முன்னரே சீனத்தில் சணல் தாள் இருந்தது என்பதை அகழ்வாய்வுகள் காட்டுகின்றன. அப்பழந்தாள்களுள் சில, பொருள்களைச் சுற்றி வைக்கவே பயன்பட்டன. ஆகவே, எழுதுவதற்கு மட்டுமே தாள் பிறந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது.

ஆயினும், எழுத்து ஏறிய தாளுக்குத் தனி மதிப்பு உண்டாயிற்று. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த யென் சிதுய் என்ற சீன அறிஞர் தம் குடும்பத்தார்க்கு அறிவுரை நூல் ஒன்று எழுதினார். சான்றோர் பெயரோ பழம்பெரும் நூல்களின் கருத்தோ எழுதப்பட்ட தாளைக் கழிப்பிடத்திற்குப் பயன்படுத்தத் தாம் துணிவதில்லை என்று அதில் குறித்திருக்கிறார். தாளில் கால் பட்டுவிட்டால் பதறித் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம்மவர் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வியப்பே மேலிடும். இரு இனத்தார்க்கும் தாள் கலைமகளின் இருப்பிடமாகவே இருந்திருக்கிறது.

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கொரியத் துறவி ஒருவர் வழியாகத் தாள் செய்யும் கலை சப்பானுக்குச் சென்றது. அங்கே முசுக்கட்டை இன மரத்தின் பட்டையைக் கொண்டு மென்மையும் வலிமையும் ஒருங்கே வாய்ந்த தாளைச் செய்தனர். மடித்த தாள்களை ஆடையின் மார்புப் பகுதியில் செருகி வைப்பது அந்நாட்டவர் வழக்கமாயிற்று. மூக்குத் துடைக்கும் தாளுக்கு 'அனகாமி' என்று தனிப் பெயரும் இருந்தது.

இத்தாளை ஐரோப்பியர் கண்டு மருண்ட காட்சி ஒன்று வரலாற்றில் பதிவாகியுள்ளது. 1615ஆம் ஆண்டில் அசெகுரா சுனெனாகா என்ற சப்பானியத் தூதர், உரோமாபுரிக்குச் செல்லும் வழியில், புயலின் காரணமாகப் பிரான்சு நாட்டின் சான் துரோப்பே துறைமுகத்தில் தங்க நேர்ந்தது. தூதுக் குழுவினர் கையளவு மென்தாளில் மூக்கைச் சிந்தினர். ஒரு முறை பயன்படுத்திய தாளை மறுமுறை தொடாமல் தரையில் எறிந்தனர். அவற்றைப் பொறுக்கி எடுக்க ஊர்மக்கள் ஓடி வந்தனர் என்று அக்காலத்தவர் எழுதி வைத்துள்ளனர். இன்று நாம் குப்பை என எறிவது, அன்று அவர்க்கு அரும்பொருளாகத் தோன்றியது!

கந்தலும் காடும்

ஐரோப்பியர் வியந்ததற்குக் காரணம் உண்டு. அவர்களிடம் இருந்தது துணிக் கைக்குட்டை. நம் முன்னோருள் சிலர் கைக்குட்டையை 'இலேஞ்சி' என்று வழங்கினர். அது போர்த்துக்கீசியரின் 'லென்சோ' என்ற சொல்லிலிருந்து வந்தது. துணியைத் துவைத்துத் துவைத்துப் பயன்படுத்தலாம். நைந்து கந்தலான பின்னர் அதைக் கந்தல் பொறுக்குவோர் வாங்கிச் செல்வர். ஏனெனில், ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாகத் தாள் செய்யப்பட்டது கந்தல் துணியிலிருந்தே ஆகும். நேற்றைய கைக்குட்டை நாளைய நூலாயிற்று. பிற்காலத்தில் தாள் வந்து கைக்குட்டையின் இடத்தையே பிடித்துக்கொண்டது, வரலாற்றின் விளையாட்டு எனலாம்.

அந்த மாற்றத்திற்கு வழிவகுத்தது மரம். கல்வி பரவப் பரவத் தாளின் தேவை பெருகியது, கந்தல் போதவில்லை. 1844ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் கெல்லர் என்பவரும் கனடாவில் பெனர்ட்டி என்பவரும், ஒருவரை ஒருவர் அறியாமலே, மரத்தை அரைத்துக் கூழாக்கித் தாள் செய்ய முயன்று வெற்றி கண்டனர். 1879இல் கார்ல் டால் என்ற ஜெர்மானிய வேதியியலார் மரக்கூழை வேகவைத்தெடுக்கும் புதிய முறையைக் கண்டார். தாளின் விலை வீழ்ந்தது. எறிந்துவிடும் அளவுக்குத் தாள் மலிவாயிற்று.

மலிவு மட்டும் போதுமா? எறிவதற்கு ஒரு காரணமும் வேண்டுமன்றோ? அக்காரணத்தை மருத்துவம் தந்தது. 1882இல் இராபர்ட் கோக் என்ற மருத்துவர் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். நோயாளியின் சளியே நோயைச் சுமந்து செல்கிறது என்பது தெளிவாயிற்று. சட்டைப்பையில் நாள் முழுதும் இருக்கும் ஈரக் கைக்குட்டை ஐயத்திற்குரியதாயிற்று. 1894இல் ஜெர்மனியின் கெப்பிங்கன் நகரத் தாள் ஆலை ஒன்று, கிளிசரின் தடவி மென்மையாக்கிய தாள் கைக்குட்டைக்குக் காப்புரிமை பெற்றது. எனினும் அது பெருவழக்காகவில்லை. உலகம் அதனை ஏற்க ஒரு பெரும்போர் வர வேண்டியிருந்தது.

போர் ஈன்ற பொருள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 1872ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது கிம்பர்லி கிளார்க் என்னும் தாள் நிறுவனம். அங்குப் பணியாற்றிய எர்ன்ஸ்ட் மாலர் என்ற ஆஸ்திரிய வேதியியலார், மரக்கூழிலிருந்து பஞ்சு போன்ற பொருள் ஒன்றை உருவாக்கினார். 'செல்லுகாட்டன்' என்பது அதன் பெயர். முதல் உலகப் போரில் பஞ்சுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. காயத்திற்குக் கட்டுப்போடவும் பஞ்சு தேவை. வெடிமருந்து செய்யவும் பஞ்சு தேவை. காயப்படுத்துவதற்கும் காயத்தை ஆற்றுவதற்கும் ஒரே பொருள் வேண்டப்பட்ட காலம் அது! அப்போது செல்லுகாட்டன், போர்க்கள மருத்துவமனைகளில் பஞ்சின் இடத்தைப் பெற்றது. அது மலிவானது, பஞ்சைவிட மிகுதியாக நீரை உறிஞ்சக்கூடியது.

1918ஆம் ஆண்டு நவம்பரில் போர் ஓய்ந்தது. ஆலையோ ஓயவில்லை. செய்து குவிக்கும் பொருளை யார் வாங்குவார்? போர்க்களச் செவிலியர் அதனை மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தியதை அறிந்த நிறுவனம், 1920இல் அதனை மகளிர்க்கான பொருளாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1924இல் அதே பொருளை மெல்லிய தாளாக்கி, 'கிளீனெக்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. முகத்தில் பூசிய களிம்பைத் துடைக்கும் தாள் என்றே அதனை விளம்பரம் செய்தனர். நாடக, திரைப்பட நடிகையர் படங்கள் அவ்விளம்பரங்களை அணிசெய்தன.

பயனைக் கண்டவர் மக்களே

இவ்விடத்தில்தான் இவ்வரலாற்றின் சுவையான திருப்பம் நிகழ்கிறது. வாங்கியவர்களிடமிருந்து நிறுவனத்திற்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. களிம்பு துடைக்க வாங்கிய தாளில் வீட்டிலுள்ளோர் மூக்குச் சிந்துவதாகப் பலர் எழுதியிருந்தனர். நிறுவனத்தார் இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரச் செய்தித்தாளில் இரு வகை விளம்பரங்களை வெளியிட்டுச் சோதித்தனர். மறுமொழி அனுப்பியவர்களுள் 100க்கு 60 பேர், அதனைக் கைக்குட்டையாகவே விரும்பினர். 1930ஆம் ஆண்டளவில் விளம்பரம் மாறியது. சளியைச் சட்டைப்பையில் சுமக்க வேண்டாம் என்பது புதிய முழக்கமாயிற்று. விற்பனை பெருகியது. ஒரு தாளை உருவினால் அடுத்த தாள் தலைநீட்டும் பெட்டியும் 1920களின் இறுதியில் வந்து சேர்ந்தது. பொருளைச் செய்தவர் அறியாத பயனை, அதனை வாங்கிய எளிய மக்கள் கண்டுபிடித்துச் சொன்னார்கள்.

அதே காலத்தில், 1929ஆம் ஆண்டு சனவரியில், ஜெர்மனியின் நூரம்பர்க் நகரில் 'டெம்போ' என்ற தாள் கைக்குட்டையின் வணிகப் பெயர் பதிவாயிற்று. அந்நிறுவனத்தை நடத்தியவர்கள் ரோசன்பெல்டர் சகோதரர்கள், யூத இனத்தவர். 1933இல் நாசிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் அவர்கள் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. நிறுவனம் மிகக் குறைந்த விலைக்கு வேறு கைக்கு மாறிற்று. கண்ணீர் துடைக்கும் தாளைச் செய்தவர்களின் கண்ணீர் அது.

ஆலையில் நிகழ்வது

இனி, மரம் மென்தாளாகும் விதத்தைக் காண்போம். மரத்தின் பட்டையை உரித்துச் சிறு சில்லுகளாக வெட்டுவர். எரிசோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில், ஏறத்தாழ 170 பாகை செல்சியசு வெப்பத்தில், அச்சில்லுகள் வேகும். மர நார்களை ஒட்டி வைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் கரைந்து பிரியும். எஞ்சுவது பழுப்பு நிறக் கூழ். அதனை வெளுக்க முன்பு குளோரின் வாயுவைப் பயன்படுத்தினர். அதனால் டையாக்சின் என்ற நச்சு உண்டாவது 1980களில் தெரிய வந்ததும், ஆலைகள் பலவும் வேறு முறைகளுக்கு மாறின.

நெட்டிழை, குற்றிழை என நார் இரு வகைப்படும். தேவதாரு, பைன் மரங்களின் நார் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் நீளம். அது வலிமை தரும். யூகலிப்டசு, அக்கேசியா மரங்களின் நார் 1 மில்லிமீட்டர் அளவே. அது மென்மை தரும். இரண்டையும் அளவறிந்து கலப்பதே ஆலையாரின் திறமை.

கலந்த கூழில் பெரும்பகுதி நீரே. 1,000 பங்கில் இரண்டு மூன்று பங்குதான் நார். அதனை ஓடும் வலையில் பாய்ச்சி நீரை வடித்து, நீராவியால் சூடேறிய மாபெரும் உருளையின் மேல் ஒட்டச் செய்வர். நொடிப்பொழுதில் தாள் உலர்ந்துவிடும். உலர்ந்த தாளைக் கூரிய தகடு ஒன்று உருளையிலிருந்து சுரண்டி எடுக்கும். அப்போது தாளில் கண்ணுக்குத் தெரியாத நுண்சுருக்கங்கள் விழுகின்றன. மென்மையின் மறைபொருள் அச்சுருக்கங்களிலேயே உள்ளது. புதிய பொறிகளில் தாள் ஒரு நிமிடத்திற்கு 2,000 மீட்டர் வரை ஓடுகிறது. நம் நெடுஞ்சாலைகளில் உந்துகள் செல்லும் வேகத்தைவிட அது மிகுதி. எழுதுதாள் ஒரு சதுர மீட்டருக்கு 70, 80 கிராம் எடை இருக்க, மெல்லிழைத்தாளின் ஒரு படலம் 15 கிராம் அளவே இருக்கும். அத்தகைய படலங்கள் இரண்டோ மூன்றோ சேர்ந்ததே நம் கையில் உள்ள தாள்.

நீர் பட்டால் நார்களின் பிணைப்பு தளரும். மூக்குத் துடைக்கும் தாள் கிழிந்துவிடக் கூடாது என்பதற்காக, ஈரத்தைத் தாங்கும் ஒருவகைப் பிசினைக் கூழில் சேர்க்கின்றனர். கழிப்பறைத் தாளில் அது சேர்வதில்லை. இரு குவளை நீரில் இரு தாள்களையும் இட்டுக் கலக்கினால் மாணவர் இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காண்பர். கழிப்பறைத் தாள் கரைந்து சிதறும். மெல்லிழைத்தாள் சிதையாமல் நிற்கும். அதனைக் கழிப்பறையில் போடலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேறில்லை.

நம் மண்ணில்

நம் நாடுகளில் இத்தாள் பெற்றுள்ள இடம் பெரிது. சிங்கப்பூர் உணவங்காடிகளில் மேசையின்மேல் ஒரு சிறு தாள் பொதியை வைத்தால், அவ்விடம் பிடிக்கப்பட்டது என்று பொருள். யாரும் எழுதாத சட்டம். ஆயினும் பெரும்பாலோர் மதிக்கும் சட்டம். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள், கொரோனா தொற்றின் காரணமாக அந்நாட்டில் எச்சரிக்கை நிலை உயர்த்தப்பட்டதும், அரிசியோடு தாள்களையும் மக்கள் அள்ளிச் சென்றனர். அச்சம் வந்தபோது உணவுக்கு அடுத்து மனம் நாடியது தாளை!

மற்றொரு நிகழ்ச்சியையும் நாம் மறத்தலாகாது. 2015ஆம் ஆண்டில் சுமாத்திரா, கலிமந்தான் தீவுப் பகுதிகளில் காடும் கரிநிலமும் எரிந்தன. புகைமூட்டம் மலேசியாவையும் சிங்கப்பூரையும் சூழ்ந்தது, பள்ளிகள் மூடப்பட்டன. எரிந்த நிலங்களுள் செம்பனைத் தோட்டங்களும் இருந்தன. தாளுக்காக அக்கேசியா வளர்க்கும் தோட்டங்களும் இருந்தன. சதுப்பான கரிநிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடித்தால் அது காய்ந்து எளிதில் தீப்பற்றும். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூர்ப் பேரங்காடிகள் சில, தீயோடு தொடர்புபடுத்தப்பட்ட நிறுவனம் ஒன்றின் தாள்களைத் தட்டுகளிலிருந்து அகற்றின. புகையால் எரிந்த கண்களைத் துடைக்க நாம் எடுத்த தாளுக்கும் அப்புகைக்கும் உறவு இருக்கக்கூடும் என்பதை அன்றுதான் பலர் உணர்ந்தனர்.

நாம் கற்பிக்க வேண்டியது

இவற்றைக் கூறுவதால் மெல்லிழைத்தாளையே விலக்க வேண்டும் என்பது கருத்தன்று. சளிக்காய்ச்சல் உள்ள மாணவன் தாளில் தும்மி, அதனை மூடிய தொட்டியில் போட்டு, கையைக் கழுவுவது அவனுக்கும் நல்லது, மற்றவர்க்கும் நல்லது. காசநோய்க் காலத்து மருத்துவர்கள் கற்பித்த அப்பாடம் இன்றும் பொய்க்கவில்லை. நோய்க்காகப் பிறந்த தாளை, வியர்வை துடைக்கவும் மேசை துடைக்கவும் நாற்காலி பிடிக்கவும் கட்டுக்கட்டாக உருவுவதுதான் சிந்திக்கத் தக்கது. துடைத்து எறிந்த தாள் மீண்டும் தாளாவதில்லை. கந்தல் நூலாகிய காலம் போய்விட்டது. மரத்தின் நெடும்பயணம் நம் கையில் ஓர் இமைப்பொழுதில் முடிந்துவிடுகிறது.

நோயுள்ள வேளையில் தாள்; மற்ற வேளைகளில் துவைத்த கைக்குட்டை. இந்த எளிய வேறுபாட்டை வீட்டில் பெற்றோரும் பள்ளியில் ஆசிரியரும் சொல்லிக்கொடுத்தால் போதும். அறிவியல் பாடத்தில் நார்களையும், வரலாற்றுப் பாடத்தில் போரையும், நன்னெறிப் பாடத்தில் சிக்கனத்தையும் ஒரே தாளைக் காட்டி விளக்கலாம். அவ்வாறு கற்ற மாணவன் முதல் தாளைத் தயங்காமல் எடுப்பான். இரண்டாவது தாளை உருவுமுன் சற்றே எண்ணிப் பார்ப்பான். அந்தச் சிறு எண்ணமே கல்வியின் பயன்.