மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச்

மெட்ரோபாலிட்டன் கம்யூனிட்டி சர்ச் என்பது தன்பாலீர்ப்பினரை அவர்கள் உள்ளபடியே ஏற்கும் புராட்டஸ்டண்ட் சபைகளின் கூட்டமைப்பு. 1968இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் தொடங்கியது. பழைமைவாதக் கிறிஸ்தவ வீடுகளில் வளர்ந்து, பின்னர் சபையால் விலக்கப்பட்டவர்கள் விசுவாசத்தைக் கைவிடாமல் வாழ வழிதிறந்த முன்னோடி அமைப்பு இது.

தோற்றம்

நிறுவனர் டிராய் பெர்ரி 1940இல் ஃபுளோரிடாவில் பிறந்தார். 15 வயதிலேயே பாப்டிஸ்ட் பிரசங்கியாரானார். பிறகு பெந்தெகொஸ்தே சபைகளில் ஊழியம் செய்தார். போதகர் ஒருவரின் மகளை மணந்து இரு மகன்களுக்குத் தந்தையானார். அவர் தன்பாலீர்ப்பாளர் எனத் தெரிந்ததும் ஊழியம் பறிபோனது, மணவாழ்வும் முறிந்தது. பின்னர் தற்கொலைக்கு முயன்று உயிர்பிழைத்தார். 1968இல் மதுக்கூடம் ஒன்றில் போலீசார் நடத்திய சோதனையில் கைதான நண்பர், கடவுளுக்கும் தன்மேல் அக்கறையில்லை என்று மனம் வெதும்பினார். அந்தப் பேச்சே புதிய சபைக்குத் தூண்டுதலாயிற்று. அக்டோபர் 6 அன்று ஹண்டிங்டன் பார்க்கில் பெர்ரியின் வீட்டிலேயே முதல் ஆராதனை நடந்தது. 12 பேர் கூடினர்.

வழிபாடு

பல சபைப் பின்னணியினர் சேர்ந்து வந்ததால், பெந்தெகொஸ்தே உற்சாகமும் மரபான வழிபாட்டு முறையும் இங்கே கலந்தன. திருவிருந்து எவருக்கும் மறுக்கப்படுவதில்லை. சொந்தச் சபையில் அப்பமும் இரசமும் மறுக்கப்பட்டவர்களுக்கு இந்த ஒரு நடைமுறையே பெரும் ஆறுதலாக அமைந்தது.

எதிர்ப்பு

1973 ஜனவரி 27 அன்று லாஸ் ஏஞ்சலஸ் தாய்ச்சபையின் கட்டடம் தீக்கிரையானது. அதே ஆண்டு ஜூன் 24, ஞாயிறு மாலை, நியூ ஆர்லியன்ஸ் சபையார் பலர் கூடியிருந்த ‘அப்ஸ்டேர்ஸ் லவுஞ்ச்’ மதுக்கூடத்துக்கு யாரோ தீவைத்ததில் 32 பேர் மாண்டனர். உள்ளூர்ப் போதகர் பில் லார்சனும் அவர்களுள் ஒருவர். இறந்தோருக்கு நினைவு ஆராதனை நடத்தப் பல ஆலயங்கள் இடம் தர மறுத்தன. இறுதியில் மெதடிஸ்ட் ஆலயம் ஒன்று கதவைத் திறந்தது. பிற சபைகளின் தயக்கம் நெடுங்காலம் நீடித்தது: அமெரிக்கத் தேசியத் திருச்சபை மன்றத்தில் சேர இக்கூட்டமைப்பு அளித்த விண்ணப்பத்தை 1983இல் அம்மன்றம் காலவரையறையின்றி ஒத்திவைத்தது.

திருமண உரிமை

தன்பால் இணையருக்குச் சட்டம் இடம் தராத காலத்திலேயே பெர்ரி அவர்களை ஆசீர்வதித்து இணைத்துவைத்தார். கனடாவில், டொராண்டோ சபையின் போதகர் பிரென்ட் ஹாக்ஸ், மாகாணச் சட்டம் அனுமதித்தபடி முன்கூட்டியே ஆலயத்தில் திருமண அறிவிப்பை (ஓலை) வாசித்து, 2001 ஜனவரி 14 அன்று இரு இணையருக்குத் திருமணம் நடத்தினார். அரசு அவற்றைப் பதிவுசெய்ய மறுத்தது. 2003இல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்திருமணங்கள் செல்லும் எனத் தீர்ப்பளித்தது.

2005இல் பெர்ரி பொறுப்பிலிருந்து ஓய்வுபெற, நான்சி வில்சன் தலைமையேற்றார். கூட்டமைப்பின் சபைகள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன.