சுவாசப் பரிசோதனை வளர்ந்த வரலாறு

நோயாளியின் மணிக்கட்டைப் பற்றி நாடி பார்த்து நிற்கும் தாதி, நாடியை எண்ணி முடிந்தபின்னும் கையை விடுவதில்லை. அவளுடைய பார்வை மட்டும் மெல்ல அவனுடைய மார்பின்மேற் செல்லும். மார்பு எழுந்து தாழும் ஒவ்வொரு முறையையும் அவள் எண்ணிக்கொண்டிருப்பாள். அவனோ நாடியே பார்க்கப்படுகின்றது என்று எண்ணியிருப்பான். தன் மூச்சு எண்ணப்படுகின்றது என்று அறிந்தவுடன் எவனும் தன்னையறியாமலே அதன் கதியை மாற்றிவிடுவன். நாடியும் உடற்சூடும் மனிதனின் விருப்பத்துக்கு அடங்கா. மூச்சோ ஓரளவுக்கு அடங்கும். ஆதலின் அதனை அளப்பதற்கு இத்தகைய சிறு தந்திரம் வேண்டியதாயிற்று. இத்தந்திரம் மிக எளியது. ஆனால் மூச்சையும் மார்பையும் முறையாக ஆராயும் கலை வைத்திய உலகில் இடம்பெறுவதற்குப் பட்ட பாடு எளியதன்று.

கிரேக்க வைத்தியராகிய இப்போக்கிறாத்தீசின் பெயரால் வழங்கும் பழைய நூல்களில், நோயாளியின் மார்பிலே காதை வைத்துக் கேட்டலும், தோள்களைப் பற்றி உடலைக் குலுக்கி உள்ளே நீர் அலம்பும் ஓசையை அறிதலும் கூறப்பட்டுள்ளன. ஆயின் இவை பின்வந்தோராற் பேணப்படவில்லை. பல நூற்றாண்டுகளாக ஐரோப்பிய வைத்தியன் நோயாளி சொல்லும் கதையைக் கேட்டு, நாடியைத் தொட்டு, சிறுநீரைப் பார்த்து மருந்து கொடுத்தான். மார்பு என்பது திறக்கப்படாத பெட்டியாகவே இருந்தது. இறந்தபின் அதனை அறுத்துப் பார்த்தோர் உளர். உயிரோடிருக்கும்போது அதனுள் நிகழ்வதை அறிவார் இலர்.

இப்பெட்டியை முதலிலே தட்டிப் பார்த்தவர் லெயோப்போல்ட் அவுவன்புருக்கர் என்பவர். இவர் 1722 இல் ஒஸ்திரியாவிலுள்ள கிறாஸ் நகரில் ஒரு விடுதிக்காரரின் மகனாகப் பிறந்தார். மதுப் பீப்பாயில் எவ்வளவு மது உள்ளது என்பதை அதனைத் தட்டி ஓசையால் அறியும் வழக்கத்தைத் தந்தையின் விடுதியிற் கண்டதே இவருக்கு வழிகாட்டியது என்பர். வியன்னாவிலே ஸ்பானிய வைத்தியசாலையிற் பணியாற்றியபோது இவர் ஏழாண்டுகள் நோயாளரின் மார்புகளை விரல்நுனியால் தட்டிக் கேட்டார். துணியாற் போர்த்திய பேரிகையைத் தட்டினாற்போல ஒலிப்பது நலமுள்ள மார்பு. நீரோ சீழோ நிறைந்த இடம் மந்தமாக ஒலிக்கும். இதனை உறுதிப்படுத்தப் பிணங்களின் மார்பினுள் நீரைச் செலுத்தி, நீர்மட்டம் ஏற ஏற ஓசை மாறுவதையும் கண்டார். 1761 இல் இலத்தீனிலே நூறு பக்கங்களுக்கு உட்பட்ட சிறு நூலொன்றை வெளியிட்டார். பொறாமையும் ஏளனமும் தம்மைச் சூழும் என்பதை அறிந்தே அதனை எழுதினார் என்பது அந்நூலின் முன்னுரையாற் புலனாகும்.

அவர் எதிர்பார்த்ததைவிடக் கொடியது நிகழ்ந்தது. ஏளனஞ் செய்வோர் தாமும் மிகுதியாக இலர். வியன்னாவின் பெரும் வைத்தியராகிய டி ஹேன் பல பாகங்கள் கொண்ட தமது நூலில் இம்முறையைக் குறிப்பிடவேயில்லை. அவருக்குப் பின் ஆசிரியப் பதவியேற்ற ஸ்ரோல் மட்டும் இதனைக் கையாண்டார். அவருடைய எழுத்துக்கள் வாயிலாகவே செய்தி பாரிசை அடைந்தது. அங்கே நெப்போலியனின் வைத்தியராயிருந்த கோர்விசார் அச்சிறு நூலைத் தேடிப் படித்து, பல்லாண்டு பரீட்சித்து, 1808 இல் விரிவான உரையுடன் பிரெஞ்சு மொழியில் வெளியிட்டார். எல்லாரும் மறந்துவிட்ட அம்முறையைத் தமதென்றே அவர் சொல்லியிருக்கலாம். சொன்னாலும் மறுப்பார் இலர். அங்ஙனஞ் செய்யாது அவுவன்புருக்கரின் பெயரையே முன்வைத்தார். கல்வியுலகில் இத்தகைய நேர்மை அரிதாகவே காணப்படுவது. அவுவன்புருக்கர் அடுத்த ஆண்டிலே காலமானார். நாற்பத்தேழு ஆண்டுகள் ஒரு நற்செயல் கவனிப்பாரற்றுக் கிடந்தமை வருந்தத்தக்கதேயெனினும், அவர் வருந்தினாரல்லர் போலும். 1781 இல் சலியேரியின் இசைநாடகமொன்றுக்கு உரையாடல் எழுதிக் கொடுத்தவர் அவரே.

கோர்விசாரிடம் பயின்றோருள் ஒருவர் ரெனே லேனெக். இவர் 1781 இல் பிரித்தானி நாட்டுக் கெம்பேர் நகரிற் பிறந்தவர், மெலிந்த உடலினர், புல்லாங்குழல் வாசிப்பதில் விருப்பமுடையவர். 1816 இல் பாரிசிலுள்ள நெக்கர் வைத்தியசாலையில் இருதய நோயின் குறிகளோடு இளம்பெண்ணொருத்தி இவரிடம் வந்தாள். அவள் பருத்த உடலினளாதலின் தட்டிப் பார்த்தலாற் பயனில்லை. வயதும் பெண்மையுங் கருதி மார்பிற் காதை வைத்துக் கேட்டலும் தகாது. நீண்ட மரத்தின் ஒரு முனையிற் குண்டூசியாற் கீறினால் மறுமுனையிற் காதை வைத்தவனுக்கு அது தெளிவாகக் கேட்கும் என்ற செய்தி அப்பொழுது இவர் நினைவுக்கு வந்தது. தாள்களை இறுகச் சுருட்டிக் குழலாக்கி, ஒரு முனையை நோயாளியின் மார்பிலும் மறுமுனையைத் தம் காதிலும் வைத்தார். நேரே காதை வைத்துக் கேட்பதினும் தெளிவாக இருதயத் துடிப்புக் கேட்டது. ஸ்டெதஸ்கோப் தோன்றிய வரலாறு இதுவே. ஒரு பெண்ணின் நாணத்தைக் காக்க எழுந்த உபாயம் வைத்தியத்தின் அடையாளமாகவே பின்னர் ஆகிவிட்டது.

கருவியைக் கண்டுபிடித்தமையினும் பெரிது அதன்பின் அவர் மூன்றாண்டு உழைத்த உழைப்பாகும். தாள்குழலை விடுத்து ஏறக்குறைய ஓர் அடி நீளமுள்ள மரக்குழல்களைத் தாமே கடைந்து அமைத்தார். ஒவ்வொரு நோயாளியின் மார்பிலும் கேட்டவற்றை எழுதி வைத்தார்; அவர் இறப்பின் உடலை அறுத்து, கேட்ட ஒலிக்கும் கண்ட கேட்டுக்கும் உள்ள தொடர்பை ஒப்பிட்டார். இங்ஙனம் 1819 இல் வெளிவந்தது அவருடைய பெருநூல். கசநோயால் நுரையீரலிற் குழிவு விழுந்த இடத்திற் குழலை வைத்தால், நோயாளியின் பேச்சு வாயிலிருந்தன்றி மார்பிலிருந்தே நேராக வருவதுபோலக் கேட்கும் என்றார். நுரையீரலைச் சூழ நீர் கோத்த மார்பிலே குரல் ஆடு கத்தினாற்போல நடுங்கும் என்றார். இன்றுங் கற்பிக்கப்படும் குறிகள் இவை.

ஒலிகளுக்குப் பெயரிடுவதில் அவருக்கு ஓர் இடர் நேர்ந்தது. மார்பிற் கேட்கும் கரகரப்புக்குப் பிரெஞ்சு மொழியில் அவர் வழங்கிய சொல்லே சாகுந் தறுவாயில் தொண்டையில் எழும் ஒலியையுங் குறிக்கும். அச்சொல்லைக் கட்டிலருகே கேட்கும் நோயாளி தன் முடிவு நெருங்கிற்று என்றே எண்ணுவான். ஆதலின் நோயாளர் முன்னிலையில் அதற்கீடான இலத்தீன் சொல்லை அவர் வழங்கினார். பின்னர் வந்தோர் இரு சொற்களையும் இரு வேறு ஒலிகளின் பெயர்களாகக் கொண்டு குழப்பத்தை வளர்த்தனர். நோயாளியின் மனத்தைக் காக்கப் பிறந்த ஒரு சொல் மாணவரை நூறாண்டுக்கு மேல் மயக்கிற்று. தமிழிலோ மூச்சின் வேறுபாடுகளுக்குச் சொற்பஞ்சமில்லை. இழுப்பு, இரைப்பு, கரகரப்பு, திணறல் என்பனவும், யாழ்ப்பாணத்தார் வழங்கும் தொய்வு என்பதும் கல்லாதவரும் அறிந்த சொற்கள். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1847 இல் இந்நாட்டுக்கு வந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலே கற்பிக்க முடியும் என்று நாட்டியவர். உடற்கூறு, இரணவைத்தியம், இரசாயனம் பற்றிய நூல்கள் அவருடைய முயற்சியால் தமிழில் வந்தன. அம்முயற்சி தொடர்ந்திருப்பின் மார்பொலிகளுக்குத் தமிழ்ப்பெயர் தேடி இன்று இடர்ப்படவேண்டியிராது.

லேனெக் 1826 இல் நாற்பத்தைந்தாம் வயதில் இறந்தார். எந்த நோயின் ஒலிகளை உலகுக்கு விளக்கினாரோ அந்தக் கசநோயே அவரைக் கொண்டுபோயிற்று. தம் மார்பைக் குழலாற் கேட்டுச் சொல்லும்படி அவர் தம் மருமகனை வேண்டினார் என்பது வரலாறு. அவருடைய நூலை 1821 இல் ஆங்கிலத்திற் பெயர்த்த ஜோன் போர்ப்ஸ், இக்கருவி பொதுவழக்குக்கு வருமோ என்று ஐயுற்று எழுதியிருந்தார். நோயாளியின்மேல் ஒரு குழலை வைத்து மெனக்கெடுதல் கௌரவமுள்ள வைத்தியனுக்குத் தகாதென்ற எண்ணமே அதற்குக் காரணம். முப்பதாண்டுக்குள் அவ்வெண்ணம் பொய்த்தது. 1839 இல் வியன்னாவில் ஸ்கோடா என்பவர், ஒலி நோயின் பெயரைச் சொல்வதில்லை, உறுப்பின் நிலையையே சொல்லும் என்று விளக்கினார். காற்று நிறைந்ததா, நீர் நிறைந்ததா, இறுகியதா என்பதையே காது அறியும். நோய் எதுவென்பதை அறிவு தேரவேண்டும். 1852 இல் நியூயோர்க்கில் கமன் என்பவர் இரு காதுகளுக்கும் பொருந்தும் கருவியை அமைத்தார்.

இது செவியின் கதை. எண்ணிக்கையின் கதை வேறு. இங்கிலாந்தில் ஜோன் புளோயர் என்பவர், தாமே தொய்வால் வருந்தியவர், 1698 இல் அந்நோய் பற்றி ஒரு நூல் எழுதினார். 1707 இல் ஒரு நிமிடம் மட்டும் ஓடி நிற்கும் கடிகாரத்தைக் கொண்டு நாடியை எண்ணும் முறையை வெளியிட்டார். மூச்சை எண்ணும் நோக்கம் கீழைநாட்டில் அதனினும் பழையது. ஒரு நாளைக்கு 21,600 சுவாசம் என்பது யோக நூல்களிலும் சித்தர் மரபிலும் வரும் கணக்கு. நாளின் 1,440 நிமிடங்களால் வகுப்பின் நிமிடத்துக்குப் பதினைந்து ஆகும். வளர்ந்தோர் ஓய்வில் நிமிடத்துக்குப் 12 முதல் 20 வரை மூச்சு விடுவர் என்று இக்கால வைத்திய நூல்கள் கூறுவதோடு இது முரணவில்லை. ஆனால் அக்கணக்கின் நோக்கம் ஆயுளும் யோகமும், நோயறிதல் அன்று. சித்தவைத்தியத்தின் எண்வகைத் தேர்வில் நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன உள. மூச்செண்ணல் தனித்து எண்ணப்படவில்லை. கணக்கைக் கையில் வைத்துக்கொண்டும் அதனைக் கட்டிலருகே கொண்டுசெல்லாமை எண்ணிப் பார்க்கத்தக்கது.

கணக்கைக் கட்டிலருகே கொண்டுவந்தது தாதியர் தொழிலின் எழுச்சியே. கிறைமியா யுத்தத்திலிருந்து மீண்ட புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையார் 1859 இல் வெளியிட்ட நூலின் முதலதிகாரமே நோயாளி சுவாசிக்கும் காற்றைப் பற்றியது. அந்நூலில் நோயாளியை அவதானித்தல் பற்றி ஓர் அதிகாரமும் உண்டு. விடையை உள்ளடக்கிய வினாக்களைக் கேட்கலாகாது என்று அதில் அவர் கண்டிக்கின்றார். இரவு நன்றாக உறங்கினாரா என்று வினவினால் ஆம் என்றே விடை வரும். எத்தனை மணிநேரம், எப்பொழுது என்று வினவவேண்டும். 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரால் அமைந்த பாடசாலை தாதியரை அவதானத்திற் பயிற்றியது. 1868 இல் ஜெர்மனியிலே வுண்டர்லிக் உடற்சூட்டுப் பதிவின் பயனை நிறுவியபின், சூடு, நாடி, சுவாசம் மூன்றும் ஒரே தாளிற் கோடுகளாயின. அவற்றை நிரப்புவது தாதியின் கடமையாயிற்று.

ஆயின் ஸ்டெதஸ்கோப் நெடுங்காலம் வைத்தியருக்கே உரியதாயிருந்தது. தாதி எண்ணலாம், எழுதலாம்; மார்பைக் கேட்டுப் பொருள் சொல்லலாகாது. 1965 இல் அமெரிக்கக் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொறெற்றா போர்ட் என்னும் தாதியும் ஹென்றி சில்வர் என்னும் குழந்தை வைத்தியரும் ஆரம்பித்த பயிற்சி இவ்வரம்பை உடைத்தவற்றுள் ஒன்று. தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பெருகியதும் இதற்கு உதவியது; இரவு முழுவதும் நோயாளியருகே இருப்பவள் கேட்கத் தெரியாதவளாயிருத்தல் எங்ஙனம் பொருந்தும்? இன்று தாதியர் கல்வியிலே பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்ற நான்கும் இவ்வொழுங்கிலேயே கற்பிக்கப்படுகின்றன. தொடுமுன் பார்க்கவேண்டும். நோயாளி படுத்திருக்கின்றானா, முன்குனிந்து கைகளை ஊன்றியிருக்கின்றானா, மூக்கிதழ் விரிகின்றதா, விலாவிடை உள்ளிழுக்கின்றதா, ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சிற் சொல்ல முடிகின்றதா என்பன அறைவாயிலில் நின்றே அறியத்தக்கவை. பின்னர் முதுகில் இரு கைகளையும் வைத்து, மூச்சை இழுக்கும்போது இரு பெருவிரல்களும் சமமாக விலகுகின்றனவா என்று நோக்கவேண்டும். கேட்கும்போது இடமும் வலமும் மாறிமாறி ஒப்பிட்டுக் கேட்டல் வேண்டும். ஒவ்வொரு மனிதனுக்கும் அவனுடைய மறுபக்கமே அளவுகோல்.

இத்தனை கருவியும் கல்வியும் பெருகிய காலத்தில் எல்லாவற்றினும் எளியதாகிய மூச்செண்ணல் கைவிடப்பட்டமை வியப்பு. 2008 இல் அவுஸ்திரேலிய வைத்திய சஞ்சிகையில் வந்த கட்டுரையொன்று இதனைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்றே அழைத்தது. எண்ணாமலே பதினெட்டு என்றும் இருபது என்றும் எழுதிவைக்கும் வழக்கம் பல நாடுகளிற் காணப்பட்டுள்ளது. இது சிறு குற்றமன்று. குருதியிற் பிராணவாயு குறைந்தாலும், கரியமிலவாயுவோ அமிலமோ மிகுந்தாலும் மூளைத்தண்டு மூச்சை விரைவுபடுத்தும். அவ்விரைவே சில காலம் குருதியின் பிராணவாயுவைக் குறையவிடாது தாங்கும். ஆகவே கருவி நல்ல இலக்கத்தைக் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்திலும் மூச்சு ஆபத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். நிமிடம் முழுவதும் எண்ணவேண்டியதற்கும் காரணம் உண்டு. 1818 இலும் 1854 இலும் டப்ளின் வைத்தியர்களாகிய செயினும் ஸ்ரோக்சும் விவரித்த, ஏறியும் இறங்கியும் இடையிடையே நின்றும் போகும் சுவாசம் கால் நிமிட எண்ணலில் அகப்படாது.

எண்ணிக்கையின் மதிப்பை மீட்டுத் தந்தவை செல்வ நாடுகளின் வைத்தியசாலைகள் அல்ல. 1980களிற் பப்புவா நியூகினியிலும், 1988 இல் வெளிவந்த ஆய்வுகளின்படி காம்பியாவிலும் தமிழ்நாட்டு வேலூரிலும், எக்ஸ்கதிர் இல்லாத இடத்தில் குழந்தைகளின் நியூமோனியாவை எங்ஙனம் அறிவதென்று ஆராய்ந்தனர். மூச்சின் வேகமும் மார்பின் கீழ்ப்பகுதி உள்ளிழுத்தலுமே போதிய குறிகளெனக் கண்டனர். இரண்டு மாதத்துக்குட்பட்ட சிசுவுக்கு நிமிடத்துக்கு 60, ஒரு வயதுக்குட்பட்டதற்கு 50, ஐந்து வயதுக்குட்பட்டதற்கு 40 என்ற எல்லைகளை உலக சுகாதார நிறுவனம் வகுத்தது. இவ்வெல்லையை எட்டிய குழந்தைக்குச் சிகிச்சை தொடங்கும் அதிகாரம் கிராம சுகாதார ஊழியருக்கும் கிடைத்தது.

விரல்நுனியில் மாட்டிப் பிராணவாயுவின் அளவைக் காட்டும் கருவியின் தத்துவத்தை ஜப்பானியராகிய தக்குவோ அவோயாகி 1974 இல் வெளியிட்டார். கொரோனா நோய் பரவிய காலத்தில் அது வீடுகளுக்குள்ளும் வந்தது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்று, கருமை நிறமுடைய நோயாளரில் இக்கருவி உண்மையிற் குறைந்துள்ள பிராணவாயுவை மறைத்து நல்ல இலக்கத்தைக் காட்டுதல் வெள்ளையரைவிட ஏறக்குறைய மும்மடங்கு என்று தெரிவித்தது. தோலின் நிறம் ஒளியின் செலவைப் பாதிக்கும். மார்பு எழுந்து தாழ்வதை எண்ணும் கண்ணை அது பாதிப்பதில்லை.