பழைய வண்ணக் கண்ணாடிப் பாத்திரம்: அசலா, நகலா? விலை வைப்பது எப்படி?

அமெரிக்காவில் வீட்டைக் காலி செய்பவர்கள், பாட்டி காலத்து வண்ணக் கண்ணாடித் தட்டு, கிண்ணங்களைத் தொண்டு நிறுவனக் கடைகளுக்குக் கொடுப்பது வழக்கம். நல்ல பொருளுக்கு ஒரு டாலர் ஸ்டிக்கர் ஒட்டிட்டா, நஷ்டம் தொண்டுப் பணிக்குத்தான். எப்படிக் கண்டுபிடிப்பது?

டிப்ரெஷன் கண்ணாடி: 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் மலிவாக அச்சில் வார்த்தவை. ஓட்ஸ் பெட்டிக்குள் இலவசமாகவும் வந்தன. அதனால் குமிழி, அச்சுக் கோடு இருந்தா குறையில்லை.

யுரேனியம் கண்ணாடி: இருட்டில் புற ஊதா டார்ச் அடிங்க. பளிச்சென்று பச்சையாக ஒளிரும். மங்கலாக ஒளிர்ந்தால் அது மாங்கனீசாகவும் இருக்கலாம்.

கார்னிவல் கண்ணாடி: மேற்பரப்பில் வானவில் மினுமினுப்பு தெரியும். ஃபென்டன் நிறுவனம் இதை 1907-லேயே விற்றது. ஆனால் கண்ணாடியிலேயே 'ஃபென்டன்' என்று பொறித்திருந்தால், அது 1970 அல்லது அதற்குப் பிந்தையது.

நகல் ஜாக்கிரதை: 1930-களில் வந்த 'மேட்ரிட்' டிசைனை ஃபெடரல் நிறுவனம் 1976-ல் மறுபடியும் தயாரித்தது. அதில் '76' என்ற பொறிப்பு இருக்கும். பின்னாளில் அந்தப் பொறிப்பு இல்லாமலும் நகல்கள் வந்தன. எனவே நிறத்தை மட்டும் நம்பாதீங்க. டிசைனின் பெயரைத் தேடிப் பாருங்க.

விலை எவ்வளவு? ஆன்லைனில் விற்பவர் கேட்கும் விலையை விட்டுடுங்க. உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்க. விளிம்பைக் கவனமாகத் தடவிப் பாருங்க. சின்னச் சில்லு பெயர்ந்திருந்தாலும் மதிப்பு குறையும்.

முக்கியமாக, யுரேனியம் கண்ணாடி அலமாரிக்கு மட்டும்தான். அதில் சாப்பிடவோ குடிக்கவோ வேண்டாம் என்பதே அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் அறிவுரை. விற்கும்போது இதையும் சொல்லிடுங்க.