கடற்கரை ஆராய்ச்சி நிலையங்களும் வந்தார்க்கு இடமளித்த வரலாறும்

கற்பார்க்கு வேண்டுவன மூன்று. கற்கும் விருப்பம் ஒன்று. கற்கப்படும் பொருள் ஒன்று. இருந்து கற்றற்கு ஓர் இடம் ஒன்று. இவற்றுள் முன்னைய இரண்டையும் பற்றிப் பெரியோர் பலவாறு எடுத்துரைத்துள்ளனர். மூன்றாவதாகிய இடத்தைப் பற்றி நினைப்பார் மிகச் சிலரே. விருப்பமும் பொருளும் வாய்த்தும், இடமின்மையாற் கல்வி தடைப்பட்டு வருந்தினோர் எந்நாட்டிலும் பலராவர். அவ்விடத்தைத் தேடித் தந்த சிலரது வரலாற்றைக் கடலுயிர் நூலாராய்ச்சியிலிருந்து எடுத்து ஈண்டுச் சுருங்க உரைப்பாம்.

கடலில் வாழும் உயிர்கள் எண்ணிறந்தன. அவற்றை ஆராய விரும்பும் புலவன் கடற்கரைக்கே செல்லல் வேண்டும். நீரினின்றெடுத்த சிறிது நேரத்துள் அவை உருக்குலைந்து அழியுமாகலின். நூறாண்டுகளுக்கு முற்பட்ட காலத்தில் அங்ஙனஞ் சென்றவர் பட்ட பாடு சொல்லுந்தரத்ததன்று. ஊரறியார், மொழியறியார், வலைஞரோடு பழக்கமிலர். வாடகைக்கெடுத்த சிற்றறையில் உருப்பெருக்குக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, குடத்தில் முகந்த கடல்நீர் கெடுமுன் வேலையை முடித்தல் வேண்டும். வேண்டிய நூலொன்று கையிலில்லையேல் அதனைப் பெறத் திங்கள் பல செல்லும். கொணர்ந்த பொருளிற் பாதி வழிச்செலவிற் போம். இருந்த நாளிற் பாதி ஏற்பாட்டிற் கழியும்.

இவ்விடரை முதற்கண் உணர்ந்து வழி தேடிய இடங்களுள் ஒன்று பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கரையிலுள்ள ஆர்க்காசோன் என்னும் ஊராகும். அவ்வூர் ஒரு காயலின் கரையது. காயலென்பது மணற்றிட்டாற் கடலினின்று பிரிவுண்டு, குறுகியதொரு வாயிலாற் கடலோடு கலந்து நிற்கும் நீர்நிலை. நம் நாட்டுப் பழவேற்காட்டு ஏரியும் இவ்வகையைச் சார்ந்ததே. ஆர்க்காசோன் காயல் ஏறக்குறைய 150 சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. ஓதம் வற்றுங்கால் அதன் பெரும்பகுதி சேற்றுநிலமாய்த் தோன்றும். ஏறுங்கால் மீண்டும் நீரால் நிறையும். ஆதலின் ஆழ்கடற்குச் செல்லாமலே பலவகை உயிர்களை அங்கே எளிதிற் காணலாம். சிப்பி வளர்ப்பும் அக்காயலிற் பெருந்தொழிலாகும்.

1863-ஆம் ஆண்டில் அவ்வூரில் ஓர் அறிவியற் சங்கம் அமைந்தது. அரசனது ஆணையாலன்று; அன்பர் சிலர் தாமே கூடி நிறுவியது அச்சங்கம். அவர்கள் பொதுமக்கள் காணுதற்கு ஒரு காட்சிச்சாலையும் மீன்தொட்டிகளும் அமைத்தனர். பின்னர் 1867-இல், வெளியூரினின்று வரும் ஆராய்ச்சியாளர் இருந்து வேலை செய்தற்கு ஆய்வுக்கூடமும் அமைத்தனர். உலகிற் கடற்கரை ஆய்வுக்கூடங்களெல்லாவற்றுள்ளும் இது மிகப் பழையனவற்றுள் ஒன்று. போல் பெர் என்னும் உடலியங்கு நூற்புலவர் கணவாயின் உடற்செயல்களைப் பற்றி அவ்வாண்டிலேயே வெளியிட்ட ஆராய்ச்சி அங்கிருந்து செய்யப்பட்டதாம். ஒரு சிற்றூர்ச் சங்கம் திறந்த வாயிலால் ஒரு நாட்டின் அறிவு வளர்ந்தமைக்கு இஃதொரு சான்று.

நிற்க. இம்முயற்சியை உலகளாவிய ஒழுங்காக்கிய பெருமை ஆண்டன் டோர்ன் என்பார்க்கே உரியது. அவர் 1840-இல் சிட்டெட்டின் என்னும் நகரிற் செல்வக் குடியிற் பிறந்த செருமானியர். 1868-இல் இத்தாலியின் மெசினா நகர்க்குச் சென்று கடலுயிர்களை ஆராயப் புகுந்தார். மேற்கூறிய இடர்களையெல்லாம் தாமே பட்டறிந்தார். இருப்புப்பாதையிற் செல்வோர்க்கு ஆங்காங்கே நிலையங்கள் இருத்தல் போல, ஆராய்ச்சியாளர்க்கும் கடற்கரைதோறும் நிலையங்கள் இருந்தால் என்னை என்ற எண்ணம் அவர்க்கு உண்டாயிற்று. 1870-இல் இங்கிலாந்து சென்று சார்லசு டார்வினைக் கண்டார். அப்பெரியார் இம்முயற்சிக்கு ஆதரவாளராயினார்.

நேப்பிள்ஸ் நகரத்தார் கடற்கரைப் பூங்காவில் நிலமளித்தனர். 1872-இற் கட்டடவேலை தொடங்கி 1873-இல் ஆராய்ச்சியாளர் வரலாயினர். கட்டடச் செலவிற் பெரும்பகுதி டோர்னின் குடும்பப் பொருளே. எனினும் ஒருவரது கைப்பொருளால் ஒரு நிலையம் நெடுநாள் நில்லாதென்பதை அவர் நன்கறிவார். ஆதலின் வருவாய்க்கு இருவழி வகுத்தார். கீழ்த்தளத்தில் மீன்காட்சிச்சாலையொன்று அமைத்து, 1874 முதற் பொதுமக்களைக் கட்டணத்தோடு அனுமதித்தது ஒன்று. மற்றொன்றே நாம் சிறப்பாகக் கருதற்பாலது. அதற்கு மேசை முறை என்று பெயர்.

மேசை முறையாவது: ஓர் அரசாங்கமோ, பல்கலைக்கழகமோ, சங்கமோ ஆண்டுக்கு இவ்வளவென்று வாடகை செலுத்தி நிலையத்தில் ஒரு மேசையைத் தனக்குரியதாக்கிக் கொள்ளும். பின்னர்த் தான் தெரிந்தெடுத்த ஆராய்ச்சியாளரை அவ்விடத்துக்கு அனுப்பும். மேசை என்றது பலகையொன்றை மட்டுமன்று. வருபவர்க்குத் தனியிடம், ஓடும் கடல்நீர்த் தொட்டி, மருந்துச்சரக்குகள், கண்ணாடிக் கலங்கள், நூல்நிலையம் ஆகிய யாவும் ஆயத்தமாயிருக்கும். தமக்கு வேண்டிய உயிர் இன்னதென்று அவர் தெரிவித்தால், நிலையத்தார் படகு செலுத்திப் பிடித்துவந்து கொடுப்பர். இவற்றினும் சிறந்ததொன்றுண்டு. வந்தவர் எதனை ஆராயவேண்டுமென்று நிலையத்தார் கட்டளையிடார். கண்ட முடிபைத் தமக்கே கொடுக்கவேண்டுமென்றும் கேளார். இடமளிப்பதே அவர் கடமை; எண்ணுவது வந்தவர் உரிமை.

இதன் பயன் பெரிது. 1909-இல் டோர்ன் இறந்த காலையில் 2,200-க்கு மேற்பட்ட ஆராய்ச்சியாளர் ஆங்கு வந்து வேலை செய்திருந்தனர். ஆண்டுதோறும் ஐம்பதுக்கு மேற்பட்ட மேசைகள் வாடகைக்குப் போயின. தியோடர் பொவேரி கடல்முள்ளெலியின் கருவை அங்கு ஆராய்ந்து, மரபுத்திரிகள் முழுத்தொகையும் நிறைந்திருந்தாலன்றி உயிர் செவ்வனே வளராதென்று காட்டினார். அங்குத் தங்கிச் சென்ற அமெரிக்கராகிய சார்லசு விட்மன் 1888-இல் தம் நாட்டின் வுட்ஸ் ஹோல் நிலையத்துக்கு முதற்றலைவராயினார். ஒரு விளக்கினின்று பல விளக்குகள் ஏற்றப்படுமாறு போல இஃதாயிற்று.

ஈண்டு மற்றொருவரைக் கூறாது விடுதல் தகாது. சால்வதோரே லோ பியாங்கோ என்பவர் வாயில்காப்போன் ஒருவனுடைய மகன். நிலையத்தில் ஏவற்பணிக்கு வந்தபோது அவர்க்கு வயது பதினான்கு. கடலுயிர்களின் இயல்பும், அவை கிடைக்குமிடமும், கிடைக்கும் பருவமும் வலைஞரோடு பழகி அறிந்தார். மெல்லிய உடலுடைய உயிர்கள் சுருங்காமலும் சிதையாமலும் காப்பதற்கு ஏற்ற முறைகளைத் தம் கையாற் செய்து செய்து கண்டறிந்தார். அம்முறைகள் 1890-இல் நூல்வடிவாய் வெளிவந்தன. பல நாட்டுப் புலவரும் அவற்றைப் பயின்றனர். மேசைக்கு உரிமை பெற்று வந்த பேராசிரியரெல்லாம் மேசையின்றி நின்ற அவரிடம் பாடங் கேட்டனர் என்றால், அறிவுக்குக் குலமும் பட்டமும் வரம்பல்ல என்பது சொல்லாமலே விளங்கும்.

இனி, மேசை முறையிற் குறையில்லையோ எனின், உண்டு. மேசை பணங்கொடுப்பார்க்கே உரியது; பணங்கொடுக்கும் அவை தாம் விரும்பியவரையே அனுப்பும். ஆகவே எவர்க்கு எந்த அவையும் துணையில்லையோ, அவர்க்கு வாயில் திறந்திருந்தும் அடைத்ததேயாம். அந்நாளிற் பெண்மக்கள் நிலை பெரும்பாலும் அதுவே.

ஐடா ஹைடு என்னும் அமெரிக்க மாது உடலியங்கு நூல் கற்கச் செருமனி சென்றார். ஹைடல்பர்க்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் ஒருவர் தம் விரிவுரைக்கு அவரை வரவிடவில்லை. அவர் துணையாசிரியர்கள் எழுதிய குறிப்புக்களைக் கொண்டே பயின்று, 1896-இல் அப்பல்கலைக்கழகத்திலேயே டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் நேப்பிள்ஸ் நிலையத்தில் இருந்து ஆராயும் வாய்ப்பு அவர்க்குக் கிடைத்தது. தமக்குக் கிடைத்த இடம் தம்மோடு நின்றுவிடலாகாதென்று அவ்வம்மையார் எண்ணினார். தாய்நாட்டுக்கு மீண்டதும் கல்லூரிகளையும் அறிவுடைய பெண்மணிகளையும் அணுகினார். அவர் முயற்சியால் 1898-இல் ஒரு சங்கம் அமைந்தது. உறுப்பாகிய கல்லூரிகளும் அன்பர்களும் தத்தம் பங்கைச் செலுத்த, ஆண்டுக்கு 500 டாலர் சேர்த்து நேப்பிள்ஸ் நிலையத்திற் பெண்களுக்கென்றே ஒரு மேசை வாங்கினர். சிறந்த ஆராய்ச்சி செய்யும் பெண்ணுக்கு 1,000 டாலர் பரிசும் வைத்தனர்.

அம்மேசையிற் பயின்றோருள் நெட்டி சிட்டீவன்ஸ் ஒருவர். ஆசிரியத் தொழில் செய்து பொருளீட்டி, முப்பத்தைந்தாம் அகவையிற் பல்கலைக்கழகம் புகுந்தவர் அவர். அவர் 1905-இற் பரிசும் பெற்றார். பிறக்கும் உயிர் ஆணோ பெண்ணோ என்பது மரபுத்திரிகளால் அமைவது என்பதற்குத் தெளிவான சான்றும் அவ்வாண்டிலேயே வெளியிட்டார். பலர் கூடிக் கொடுத்த சிறுபங்கு ஒரு பெண்ணின் கையில் உலகறிந்த உண்மையாய் விளைந்தமை காண்க.

1932-இல் அச்சங்கத்தார் கூடித் தாம் கருதிய கருத்து நிறைவேறிற்றென்று சொல்லிச் சங்கத்தைக் கலைத்தனர். பெண்களுக்கு அடைத்திருந்த வாயில்கள் பல அதற்குள் திறந்துவிட்டன என்பது அவர் துணிபு. தொடங்குதற்கு ஊக்கம் வேண்டும். முடிந்ததை முடிந்ததென்று சொல்லுதற்கு ஊக்கத்தினும் பெரியதாகிய நேர்மை வேண்டும்.

நேப்பிள்ஸ் நிலையமும் துன்பமின்றி வளர்ந்ததன்று. 1915-இல் இத்தாலி போரிற் புகுந்தபோது, டோர்னின் மகனாராகிய ரெய்ன்ஹார்ட்டு செருமானியர் என்ற காரணத்தால் நாடு நீங்க நேர்ந்தது. 1924-இலேதான் அவர் மீண்டும் தலைமை ஏற்றார். எல்லா நாட்டார்க்கும் பொதுவாய் நின்ற இடத்தையும் போர் தனதென்றும் பிறனதென்றும் பிரித்துவிட்டது. எனினும் மேசைகள் அழிந்தில. வந்தவர்க்கு இடமளிக்கும் வழக்கமும் அழிந்திலது.

நம் கரையிலும் இம்மரபு கால்கொண்டது. மன்னார் வளைகுடாவிலுள்ள குருசடைத் தீவின் உயிர்களைப் பற்றிச் சென்னை அருங்காட்சியகத்தார் 1927-இல் நூலொன்று வெளியிட்டனர். அத்தீவிற் சென்னை மாகாண மீன்துறையினர் நிலையம் அமைக்க, கல்லூரி மாணாக்கர் பலர் ஆங்குச் சென்று கடலுயிர்களை நேரிற் கண்டு பயின்றனர். 1947-இல் நடுவண் அரசின் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் தோன்றி, மண்டபத்திற் பல்லாண்டு நிலைபெற்றது. 1971-இல் அதன் தலைமையிடம் கொச்சிக்கு மாறிற்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தார் வெள்ளாற்றுக் கழிமுகத்துப் பரங்கிப்பேட்டையில் நிறுவிய நிலையமும் புகழ்பெற்றது.

இவ்வரலாற்றால் நாம் அறியத்தக்கது யாது? கட்டடம் எழுப்புதல் அரிதன்று. அதனுட் பிறர்க்கு இடமளித்தலே அரிது. இடமளித்தபின், நீ இதனையே எண்ணுக என்று பணியாதிருத்தல் அதனினும் அரிது. ஆர்க்காசோன் சிற்றூரார்க்கும் அமெரிக்கப் பெண்மணிகளுக்கும் பெருஞ்செல்வம் இருந்ததில்லை. ஒற்றுமையும் தவறாத சந்தாவுமே இருந்தன. நம் வீட்டுப் பிள்ளையொருவன் தொலைவிலுள்ள ஆய்வுக்கூடத்திற் பயில விரும்பி, வழிச்செலவுக்கு வகையின்றி வாளா இருப்பானாயின், அவனுக்கு ஒரு மேசை வாங்கித் தருவார் யார் என்று ஒவ்வொருவரும் தம் நெஞ்சைக் கேட்டுக்கொள்வாராக. அவன் மகளாயிருப்பின் இருமடங்கு கேட்டுக்கொள்வாராக.