எவர்ஸ்லியிலிருந்து ஒரு கடிதம்: டார்வின் நூலின் இரண்டாம் பதிப்பும் கிறித்தவ ஏற்பின் காலமும்

பரிணாமக் கொள்கையைக் கிறித்தவம் எதிர்கொண்ட வரலாற்றை எழுதுவோர் பலரும் இன்றும் ஆண்ட்ரூ டிக்சன் வைட் போட்ட பாதையில்தான் நடக்கிறார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் முதல் தலைவரான வைட், 1869 டிசம்பரில் நியூயார்க்கின் கூப்பர் யூனியனில் ஆற்றிய உரையை விரித்துக்கொண்டே போய், 1896இல் அறிவியலுக்கும் இறையியலுக்கும் நடந்த போரின் வரலாறாக இரண்டு தொகுதிகளை வெளியிட்டார். 1874இல் இதே பொருளில் எழுதிய டிரேப்பரைப் போல அவர் சமயத்தையே பகையாகக் கருதவில்லை. இறையியல் கோட்பாட்டின் பிடிவாதம்தான் அவர் குறி. அந்த வேறுபாட்டை அவர் கவனமாகக் காத்ததால்தான் அவர் வாசிப்பு டிரேப்பருடையதைவிட ஆழமாக வேரூன்றியது.

அந்த வாசிப்பு மூன்று கட்டங்களாக நகர்கிறது. இறையியலாளர் முதலில் தாக்குகிறார்கள்; பிறகு சமரசம் தேடுகிறார்கள்; கடைசியில் இடத்தைக் காலி செய்கிறார்கள். படைப்பிலிருந்து பரிணாமத்துக்கு வந்த கதையைச் சொல்லும் முதல் இயலே இந்த வரிசையில்தான் அமைந்திருக்கிறது. முதல் கட்டத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ஆக்ஸ்போர்டு பேராயர் வில்பர்போர்ஸ் 1860 ஜூலையில் எழுதிய மதிப்புரை, அதே ஆண்டு கொலோன் மாகாணச் சங்கத்தின் கண்டனம், 1874இல் பிரின்ஸ்டனின் சார்ல்ஸ் ஹாட்ஜ் டார்வினியத்தை நாத்திகம் என்றே முடித்துவைத்தது எல்லாம் நன்கு அறியப்பட்டவை. அவற்றில் வைட்டோடு எனக்குச் சச்சரவு இல்லை. ஏற்பு என்பது தோல்விக்குப் பின் வந்தது, தோற்றவர் கையெழுத்திட்ட உடன்படிக்கை என்று அவர் காலவரிசை உணர்த்துகிறதே, அதைத்தான் மறுக்கிறேன். மறுப்புக்கு அடிப்படை, டார்வின் நூலின் இரண்டாம் பதிப்பில் உள்ள ஒரு பாடவேறுபாடு.

'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24 அன்று ஜான் மரியின் பதிப்பாக 1,250 படிகள் அச்சாகி வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு 1860 ஜனவரி 7 அன்று 3,000 படிகளோடு வந்தது. இடையில் ஆறு வாரத்துக்குச் சற்றுக் கூடுதல். இந்தக் குறுகிய இடைவெளியில் டார்வின் செய்த திருத்தங்களில் சில நேரடியாகச் சமயம் சார்ந்தவை. நூல்முகப்பில் பேராயர் பட்லரின் மேற்கோள் ஒன்று புதிதாகச் சேர்ந்தது. இறுதி வாக்கியத்தில், உயிர் மூச்சு ஊதப்பட்டது என்றிருந்த இடத்தில் ஊதியவர் படைத்தவர் என்று எழுவாய் வந்தது. இந்நூல் எவருடைய சமய உணர்வையும் புண்படுத்தக் காரணமில்லை என்ற கருத்தும், அதற்குத் துணையாகப் பெயர் குறிப்பிடாத, புகழ்பெற்ற எழுத்தாளரும் குருவுமான ஒருவரின் வாக்கும் கடைசி இயலில் நுழைந்தன. மோர்ஸ் பெக்கம் 1959இல் வெளியிட்ட பாடவேறுபாட்டுப் பதிப்பைப் புரட்டினால் இவை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

அந்தக் குரு, ஹாம்ப்ஷயரில் எவர்ஸ்லி சபையின் குருவானவர் சார்ல்ஸ் கிங்ஸ்லி. டார்வின் அனுப்பிய முன்படிக்கு நன்றி கூறி அவர் எழுதிய கடிதத்தின் தேதி 1859 நவம்பர் 18. நூல் கடைக்கு வர இன்னும் ஆறு நாள் இருந்தது. வில்பர்போர்ஸின் மதிப்புரைக்கு எட்டு மாதம் இருந்தது. போர் தொடங்கும் முன்பே சரணடைந்தவர் என்று ஒருவரைச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

கடிதத்தையும் அச்சான வாக்கியத்தையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இரண்டின் எலும்புக்கூடும் ஒன்றுதான்: தாமே வளர்ந்து மாறும் ஆற்றலோடு கடவுள் உயிர்களைப் படைத்தார் என்பது, அவர் அவ்வப்போது புதிதாக வந்து குறை நிரப்பினார் என்பதற்கு எவ்விதத்திலும் தாழாத கடவுட்கருத்து. சதையில்தான் வேறுபாடுகள். கடிதத்தில் தொல்வடிவங்கள் என்று பொதுவாக இருப்பது அச்சில் சில மூல வடிவங்கள் என்று எண்ணிக்கையை நெருங்குகிறது. அது டார்வினின் சொந்த இறுதி வாக்கியத்தோடு ஒத்துப்போகும் சொல். கடிதத்தில் புதிய தலையீடு. அச்சில் புதிய படைப்புச் செயல். கடிதத்தில் இடைவெளிகளை உண்டாக்கியவர் கடவுளே. அச்சிலோ அவருடைய விதிகளின் இயக்கம் உண்டாக்கிய வெற்றிடங்கள். மாற்றியது டார்வினா, அவர் கேட்டபின் கிங்ஸ்லியே திருத்தித் தந்தாரா என்பதை அச்சுப் பக்கம் காட்டுவதில்லை.

இவற்றைவிட முக்கியமானது விடுபட்ட பகுதி. இரண்டு கருத்துகளும் ஒன்றுக்கொன்று தாழ்ந்தவை அல்ல என்பதோடு கிங்ஸ்லி நிற்கவில்லை. முன்னதே, அதாவது தாமே உருவாகும் படைப்பே, ஒருவேளை உயர்ந்த எண்ணம் அல்லவா என்று அடுத்த வரியில் கேட்கிறார். டார்வின் பதிப்பில் அந்தக் கேள்வி இல்லை. விசுவாசிகளை அமைதிப்படுத்த டார்வினுக்குச் சமத்துவம் போதுமானதாக இருந்தது, குருவானவருக்குப் போதவில்லை. சமரசம் பேச வந்தவர் எதிர்த்தரப்பு கேட்டதைவிட அதிகமாகக் கொடுப்பதில்லை. இங்கே கொடுக்கப்பட்டது எடுத்துக்கொள்ளப்பட்டதைவிடப் பெரியது. வைட்டின் மூன்றாம் கட்டத்துக்குள் இந்த ஒரு வரியை அடைக்க முடியாது என்பதே என் வாதத்தின் உயிர்நாடி.

இதற்கு எதிராக அதே கடிதத்திலிருந்து இரண்டு தடைகளை எழுப்பலாம், இரண்டும் வலுவானவை. ஒன்று, டார்வின் சொல்வது சரியானால் தான் நம்பியதிலும் எழுதியதிலும் பெரும்பகுதியைக் கைவிட வேண்டியிருக்கும் என்று கிங்ஸ்லியே எழுதுகிறார். இது பின்வாங்கல்தானே? கைவிடுவது உண்மைதான். ஆனால் அதைப்பற்றித் தனக்குக் கவலையில்லை என்றும் அங்கேயே சொல்லி, ரோமர் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைத் துணைக்கு அழைக்கிறார்: மனிதர் எல்லாரும் பொய்யரானாலும் கடவுள் மெய்யராக இருக்கட்டும். தன் கருத்தை விடுவதை அவர் விசுவாசத்தின் கட்டளையாகவே காண்கிறார். வெளியிலிருந்து நெருக்குதல் எதுவும் அப்போது இல்லை. இரண்டாவது தடை, உடல்நலம் குன்றியிருந்ததால் நூலை உரியபடி படிக்க இயலவில்லை என்று அவர் ஒப்புக்கொள்வது. இயற்கைத் தேர்வை அவர் எடைபோட்டு ஏற்றார் என்று இக்கடிதத்தைக் கொண்டு சொல்ல முடியாது. அப்படிச் சொல்வோர் மிகைப்படுத்துகிறார்கள். ஆனால் வைட்டுக்கு எதிரான என் வாதத்துக்கு இந்தத் தடையே துணை நிற்கிறது. நூலை முழுதும் படிக்கும் முன்பே இறையியல் விடை அவரிடம் ஆயத்தமாக இருந்தது என்றால், அந்த விடையை நூல் அவரிடமிருந்து பிடுங்கவில்லை.

அது எப்போது ஆயத்தமானது? வீட்டு விலங்குகள், பயிர்களின் கலப்பைக் கவனித்துக் கவனித்து, இனங்கள் மாறாதவை என்ற கோட்பாட்டை நெடுநாளுக்கு முன்பே விட்டுவிட்டதாகக் கடிதம் கூறுகிறது. ஆண்டு குறிக்கவில்லை. 1857ஐ ஒரு கல்லாக நடலாம் என்பது என் கருத்து, உறுதிப்பாடு அல்ல. அந்த ஆண்டில் பிலிப் கோஸ் 'ஆம்பலோஸ்' நூலை வெளியிட்டார். ஆதாமுக்குத் தொப்புள் இருந்தது போலவே, பூமியும் நடக்காத ஒரு கடந்தகாலத்தின் தடயங்களோடு படைக்கப்பட்டது என்பது அதன் வாதம். கோஸின் நண்பரும் அவருடைய கடற்கரை ஆய்வுகளை மெச்சியவருமான கிங்ஸ்லி அந்நூலுக்கு மதிப்புரை எழுத மறுத்தார். கடவுள் பாறைகளில் மாபெரும் பொய்யொன்றை எழுதிவைத்தார் என்று நம்பத் தன்னால் இயலாது என்பது அவர் சொன்ன காரணம். இந்தக் காரணத்தில் பரிணாமம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ஆனால் இயற்கையில் காணும் தடயம் கடவுளின் வாய்மைக்குப் பிணை என்ற நிலைப்பாடு இங்கே முழுமையாக நிற்கிறது. 1859இல் அவர் துணைக்கு அழைத்த ரோமர் வசனமும் கடவுளின் வாய்மையைப் பற்றியதுதான். சான்று மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ஓரிரு ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் ஒரே அளவுகோலை இருமுறை எடுத்திருப்பதைத் தற்செயல் என்று ஒதுக்க என் மனம் ஒப்பவில்லை.

கிங்ஸ்லி தனி ஒருவர், பரந்த போக்கினர், அவரை வைத்துத் திருச்சபையை அளக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அட்லாண்டிக்கின் மறுகரையில் ஹார்வர்டின் தாவரவியலாளர் ஏசா கிரே இருந்தார். நிசேயா விசுவாசப் பிரமாணத்தை ஏற்றவர், டார்வின் 1857 செப்டம்பரிலேயே தன் கொள்கையின் சுருக்கத்தை நம்பி அனுப்பியவர். 1860இல் 'அட்லாண்டிக் மன்த்லி' இதழில் அவர் எழுதிய கட்டுரைகளை, இயற்கைத் தேர்வு இயற்கை இறையியலோடு முரண்படாது என்ற தலைப்பில் 1861இல் சிறுநூலாக்க டார்வினே செலவில் பங்கேற்றார். டார்வின் கொள்கை பற்றி வில்பர்போர்ஸுக்கும் அதன் ஆதரவாளர் ஹக்ஸ்லிக்கும் நடந்த வாக்குவாதத்துக்கு மறுநாள், 1860 ஜூலை 1 அன்று, அதே ஆக்ஸ்போர்டில் பிரசங்கித்த பிரெடெரிக் டெம்பிள், அறிவியல் விளக்காத இடைவெளிகளில் கடவுளைத் தேடும் பழக்கத்தைக் கைவிடச் சொன்னார். டார்வினை அவர் அன்று வெளிப்படையாக ஆதரிக்கவில்லை. 1884இல் பாம்ப்டன் சொற்பொழிவுகளில் ஆதரித்தார். அவர் கான்டர்பரி தலைமைப் பேராயரானது 1896இல், வைட்டின் நூல் வெளிவந்த அதே ஆண்டில்.

வைட் தாமே தரும் சான்றுகளும் அவருக்கு எதிராகப் பேசுகின்றன. 1878இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பதவி இழந்த அலெக்சாண்டர் வின்செல் மெதடிஸ்டு. பரிணாமத்தை ஏற்று 1884இல் உரையாற்றி, அதனால் கொலம்பியா இறையியல் கல்லூரியிலிருந்து நீக்கப்பட்ட ஜேம்ஸ் உட்ரோ பிரெஸ்பிட்டேரியன் குருவானவர். நடந்த அநீதியை வைட் மனம் நொந்து எழுதுகிறார், சரியாகவே எழுதுகிறார். ஆனால் அறிவியலின் போர்வீரர்களாக அவர் எண்ணும் இருவரும் சபையின் பிள்ளைகள். இரண்டு நாடுகளுக்கிடையிலான போர் என்று அவர் வரைந்தது ஒரே வீட்டுக்குள் நடந்த பங்காளிச் சண்டை.

இரண்டாம் பதிப்பின் சேர்க்கைகள் எல்லாம் டார்வின் பிடித்த கேடயம் என்று சொல்வோரும் உண்டு. படைத்தவர் என்ற சொல்லைப் பொறுத்தவரை அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பொதுக்கருத்துக்குப் பணிந்து அந்தச் சொல்லைக் கையாண்டதற்காக 1863 மார்ச்சில் நண்பர் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில் டார்வின் வருந்துகிறார். ஆனாலும் இறுதி வாக்கியத்தில் அது ஆறாம் பதிப்புவரை நீடித்தது. கிங்ஸ்லியின் வாக்கும் நீடித்தது, பெயரின்றியே. அதைப் பற்றி டார்வின் வருந்திய தடயத்தை நான் கண்டதில்லை. 1879 மே மாதத்தில், கிங்ஸ்லி இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், ஜான் போர்டைஸுக்கு எழுதிய கடிதத்தில், ஒருவர் ஆழ்ந்த இறைநம்பிக்கையாளராகவும் பரிணாமத்தை ஏற்பவராகவும் இருக்க முடியும் என்பதில் ஐயம் கொள்வதே அபத்தம் என்று கூறி, கிங்ஸ்லியையும் கிரேயையும் சான்று காட்டுகிறார். புகழின் உச்சியில் இருந்த டார்வினுக்கு அப்போது கேடயம் தேவைப்படவில்லை.

இருவரையும் அவர் ஒரே மூச்சில் சொன்னாலும் அவர்கள் சொன்ன வழிகள் ஒன்றல்ல. மாறுபாடுகள் நன்மையான திசையில் நடத்தப்படுகின்றன என்று கிரே கருதினார். மலைச்சரிவிலிருந்து உதிர்ந்த கற்களின் வடிவம் அவற்றைக் கொண்டு வீடு கட்டுபவனுக்காக வகுக்கப்பட்டதல்ல என்று 1868இல் டார்வின் அதை மறுத்தார். கிங்ஸ்லியின் கடவுள் ஒவ்வொரு கல்லையும் செதுக்குவதில்லை. உயிர்கள் தம்மைத் தாமே உருவாக்கிக்கொள்ள விடுகிறார். 1863இல் வந்த 'வாட்டர் பேபீஸ்' கதையிலும் 1871 ஜனவரியில் சயன் கல்லூரியில் ஆற்றிய உரையிலும் அவர் இதையே விரித்தார். எனவே 1868இன் மறுப்பு அவரை நேராகத் தொடவில்லை. ஆனால் கிரேக்கு 1860 மே 22 அன்று டார்வின் எழுதிய கேள்வி இன்னொன்று உண்டு: உயிரோடிருக்கும் புழுவின் உடலை உள்ளிருந்தே தின்று வளரும் குளவிகளை ஓர் அன்புள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்திருப்பாரா? எவர்ஸ்லியிலிருந்து வந்த கடிதம் கடவுளின் வாய்மைக்கும் மாட்சிக்கும் விடை சொல்கிறது. குளவியின் இரையாகும் புழுவுக்கு அதில் விடை இல்லை.