வெறுமையாய்க் கிடந்த நான்கு ஆசனங்கள்

ருஷியப் புரட்சியின் மறு ஆண்டாகிய 1918 இல், கட்சியின் கொள்கையை இளைஞரிடையே பரப்பக் கொம்சொமோல் என்னும் சங்கம் தோன்றியது. யாழ்ப்பாணத்திலோ, ஹண்டி பேரின்பநாயகம் முதலிய இளைஞர் 1924 இல் தாமாகவே மாணவர் காங்கிரசை நிறுவினர்; பின்னர் அது வாலிபர் காங்கிரஸ் ஆயிற்று. சாதி வேற்றுமையை எதிர்த்த அவர்கள், 1927 இல் காந்தியடிகளை இங்கு வரவழைத்தனர்.

டொனமூர் அரசியற்றிட்டம் சர்வசன வாக்குரிமை அளித்தும் பூரண சுயாட்சி அளிக்கவில்லை. ஆதலின் 1931 இல் தேர்தலைப் பகிஷ்கரிக்குமாறு பிரசாரம் செய்தனர். படைபலமற்ற அவர்தம் சொல்லுக்கு இணங்கி, யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரேனும் நியமனப் பத்திரம் கொடுத்திலர். தென்னிலங்கையோ தேர்தலில் பங்குபற்றியது.

முதன்முதல் வாக்குரிமை பெற்ற பெண்டிரும் ஏழை எளியவரும் அதனைப் பயன்படுத்த 1934 வரை காத்திருந்தனர். சமத்துவம் வேண்டிய இளைஞரின் வெற்றிக்கு அவர்களே விலை கொடுத்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.